மறு: மறு: பாய்லர் சாம்பல் – 'படிவு' என்ற ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பாய்லர் அடுப்பில் சாம்பல் உருகிக் கட்டியாவது ஸ்லாகிங், குழாய்களின் மேல் ஒட்டுவது ஃபவுலிங். இரண்டுக்கும் சேர்த்துத் தமிழில் 'சாம்பல் படிவு' என்று போட்டுவிடலாம் என்று நம் கலைச்சொல் குழுவின் நேற்றைய மடல்களில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கொஞ்சம் பொறுங்கள். எனக்கு இதில் ஒரு சொந்த வழக்கு இருக்கிறது.

மணலி பக்கம் ஒரு சின்ன ஆலையில் பாய்லர் பார்க்கிறேன். நாங்கள் எரிப்பது நிலக்கரி இல்லை. சவுக்கு, சீமைக்கருவேலம், வேர்க்கடலைத் தோலில் அழுத்திய பிரிக்கெட் என்று அந்த வாரம் விலைக்கு எது கட்டுபடியாகிறதோ அது. போன மாதம் வந்த ஒரு லோடு கடலைத் தோலில் பாதி செம்மண். இரண்டாம் நாளே அடுப்பின் கம்பித் தட்டு அடைத்துக்கொண்டு காற்று ஏறவில்லை. நிறுத்தி, ஆறவிட்டு, கடப்பாரையால் பெயர்த்தோம். பெயர்ந்த கட்டி ஒன்றை மேசையில் வைத்திருக்கிறேன். கரும்பச்சை நிறம். உடைந்த முகம் சோடா பாட்டில் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. உள்ளே நுரை நுரையாக ஓட்டை, ஒரு மூலையில் உருகாமல் தப்பித்த மணல். வண்டல் படியும், கசடு படியும். இதைப் படிவு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நடந்தது இதுதான். மணல், அதாவது சிலிக்கா, தனியாக உருக 1,700 டிகிரி வேண்டும். செடி மண்ணிலிருந்து உறிஞ்சி வைத்திருக்கும் பொட்டாசியம் அதோடு கூடினால் 800 டிகிரிக்குக் கீழேயே இளக ஆரம்பித்துவிடும். அடுப்பின் சூடோ அதற்கும் மேலே. சவுக்கில் இந்தத் தொல்லை குறைவு. சாம்பலே நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான், அதிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம், மாவாக உதிரும். விரால் மீனின் வழுவழுப்பு போக வீட்டில் சாம்பல் போட்டுத் தேய்ப்பார்களே, அந்த மாவு. உமியில் நூற்றுக்கு இருபது பங்கு சாம்பல் உண்டு, ஆனால் ஏறக்குறைய எல்லாமே சிலிக்கா. இளக்கிவிடப் பொட்டாசியம் போதாததால் அது லேசில் உருகாது. இந்திய நிலக்கரியில் முப்பது, நாற்பது பங்கு. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் குவிவதைப் பார்த்தவர்களுக்கு எங்கள் சாம்பல் ஒரு கைப்பிடி, ஆனால் அந்தக் கைப்பிடிதான் எங்களைக் கடப்பாரை எடுக்க வைக்கிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். உருகி இறுகும் இந்தக் கட்டிக்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: கிட்டம். இரும்பை உருக்கினால் ஒதுங்கும் கழிவை இரும்புக்கிட்டம் என்கிறோம், சித்த மருத்துவத்திலும் அந்தப் பெயர் வழங்குகிறது. அதனால் ஸ்லாகிங் என்பது 'கிட்டங்கட்டல்'. இந்தக் கட்டி சேர்ந்தால் தளத்தில் எல்லாரும் "கிளிங்கர் கட்டிருச்சு" என்றுதான் சொல்கிறார்கள். 'கட்டு' என்ற வினை அவர்கள் தந்தது.

ஃபவுலிங் வேறு சங்கதி. சூட்டில் ஆவியான பொட்டாசிய உப்புகள் புகையோடு போய், சூடு குறைந்த குழாய்களின் மேல் குளிர்ந்து, வெளுப்பாக ஒட்டும். பறந்துவரும் தூசும் அதில் சிக்கி அப்பிக்கொள்ளும். திருவொற்றியூரில் கடற்கரையோரச் சுவர்களில் உப்புப் பூக்கிறதே, கிட்டத்தட்ட அந்தத் தோற்றம். 'நீறு பூத்த நெருப்பு' என்று சொல்லிப் பழகிய நமக்கு இதற்கு 'நீறுபூத்தல்' என்று வைக்க என்ன தயக்கம்? அகராதியைப் புரட்டி 'மாசுறல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். மன்னிக்கவும், அது ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள், குழாயில் நடப்பதற்குப் பொருள் இல்லை.

– மணலியிலிருந்து

---

ஐயா,

கிட்டம் அருமை, என் ஓட்டு அதற்கு. நீறுபூத்தலில் எனக்கு ஓர் ஐயம். பழமொழியில் நீறு பூப்பது நெருப்பின் மேல், உங்கள் கணக்கில் குழாயின் மேல். மாணவர்கள் குழம்ப மாட்டார்களா? நீறு என்றாலே திருநீறு என்று நினைக்கிறவர்களும் உண்டு. அப்புறம், ஆய்வகத்தில் சாம்பலைக் கூம்பாகப் பிடித்துச் சூடேற்றிப் பார்க்கும் சோதனைக்கு 'சாம்பல் உருகுநிலை' என்றே வைத்துக்கொள்ளலாமா?

– தண்டையார்பேட்டையிலிருந்து

---

வணக்கம் அம்மா,

கூம்புச் சோதனைக்கு உருகுநிலை சரிவராது. பனிக்கட்டி மாதிரி சாம்பல் ஒரே புள்ளியில் உருகாது, அது பல கனிமப் பொருள்களின் கலவை. முதலில் கூம்பின் முனை மழுங்கும், பிறகு உடல் குறுகும், அரைக்கோளமாகும், கடைசியில் தட்டையாக ஓடும். நான்குக்கும் நான்கு வெப்பநிலை குறிப்பார்கள். 'இளகுநிலைகள்' என்று பன்மையில் வைத்தால் பொருத்தம். எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது முதல் நிலைதான், முனை மழுங்கினாலே ஒட்ட ஆரம்பித்துவிடும். சோதனைக்கான சாம்பலை நிலக்கரிக்கு 815 டிகிரியிலும், மரம் செடிக்கு 550 டிகிரியிலும் எரித்து எடுப்பது வழக்கம். அதற்கு மேலே போனால் பொட்டாசியம் கொஞ்சம் ஆவியாகிப் போய், பார்க்க வேண்டிய ஆளே தப்பித்துவிடுவான்.

நீறு பற்றிய ஐயம் நியாயம்தான். ஆனால் பழமொழியில் நீறு செய்யும் வேலை நெருப்பின் சூட்டை வெளியே தெரியாமல் மூடுவது. குழாயிலும் அதே வேலை: சூடு தண்ணீருக்குப் போகாமல் தடுத்து, நீராவி குறைந்து, புகைபோக்கியில் சூடு ஏறும். எரிபொருளில் குளோரின் இருந்தால் அந்த வெளுப்புக்கு அடியில் இரும்பு சத்தமில்லாமல் அரிபட்டுக்கொண்டிருக்கும். எனக்கென்னவோ இந்த நீறு பழமொழியிலிருந்து நேராக வந்த மாதிரிதான் படுகிறது.

எங்கள் ஃபயர்மேனிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். "கிட்டமா? கிட்ட போனா சுட்டுடும் சார்" என்று சிரித்தார். மறுநாள் ஷிப்ட் புத்தகத்தில் நானே "மூன்றாம் வரிசைக் குழாயில் நீறு பூத்திருக்கிறது, ஊதிச் சுத்தம் செய்யவும்" என்று எழுதி வைத்தேன். இரவு ஷிப்டுக்காரர் என்னிடம் எதுவும் கேட்காமல் ஊதிவிட்டுப் போயிருந்தார். கீழே அவருடைய கையெழுத்தில்: "நீரு பூத்தது, முடிந்தது." எந்த 'று' என்பதை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டும்.

– மணலியிலிருந்து