விலை குறைந்த தெர்மல் பேஸ்ட்டா, விலை உயர்ந்த பேஸ்ட்டா? என் அனுபவம்

நானே பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய கணினியில் வீடியோ ரெண்டர் போட்டாலே பிராசஸர் 92 டிகிரிக்கு ஏறிவிடும். ஃபேன் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். பிராசஸருக்கும் அதன் வெப்பத்தை இழுக்கும் கூலருக்கும் நடுவே, கூலரோடு வந்த சின்னப் பாக்கெட் பேஸ்ட்டைத்தான் தடவியிருந்தேன். அதுதான் காரணம் என்று முடிவுகட்டி, பல மடங்கு விலை கொடுத்து கிரையோனாட் என்ற பேஸ்ட்டை வாங்கினேன். அதன் வெப்பக் கடத்துதிறன் 12.5 (W/mK அலகில்) என்கிறது தயாரிப்பு நிறுவனம். பழைய பாக்கெட்டில் 4 என்று போட்டிருந்தது. அப்படியென்றால் இருபது டிகிரியாவது இறங்கும் என்று நம்பினேன்.

இறங்கியது மூன்று டிகிரி.

கூலரை மறுபடி கழற்றி, பேஸ்ட் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் உலோகம் தெரிகிற அளவுக்கு மெல்லிய படலம். எதிர் ஓரத்தில் விரலால் வழித்தெடுக்கலாம் போல அப்பிக்கிடந்தது. நான்கு திருகுகளில் ஒன்று கோணலாக ஏறிப் பாதியிலேயே இறுகி நின்றிருக்கிறது! எல்லாவற்றையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். இந்த முறை திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். வேண்டுமென்றே பழைய பாக்கெட் பேஸ்ட்டையே தடவினேன். அதே ரெண்டர், 76 டிகிரி. அப்புறம் கிரையோனாட் போட்டுப் பார்த்தபோது 74.

யோசித்தால் இதில் வியப்பில்லை. பிராசஸர் மூடியும் கூலர் தளமும் வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய குழிகள் நிறைந்தவை. அங்கே தங்கும் காற்றின் கடத்துதிறன் 0.026தான். செம்புக்கு ஏறக்குறைய 400. காற்று இருந்த இடத்தில் 4 வந்தாலே பெரிய மாற்றம், 12.5 என்பது அதற்குமேல் ஒரு சிறு லாபம். ஆனால் எந்தப் பேஸ்ட்டும் செம்புக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. அந்த வேலையைச் செய்வது திருகின் அழுத்தம்.

---

அண்ணா, டெஸ்க்டாப்புக்கு நீங்கள் சொல்வது சரி. லேப்டாப்பில் நான் பட்டது வேறு. அங்கே பிராசஸருக்கு மூடி கிடையாது, சிலிக்கான் சில்லின்மேலேயே ஹீட்சிங்க் (வெப்பத்தை இழுக்கும் உலோகப் பாகம்) உட்காரும். விலை குறைந்த பேஸ்ட் போட்டேன். இரண்டு மாதம் அருமையாக ஓடியது. பிறகு கேம் திறந்த சில நிமிடங்களில் 95 டிகிரி, வேகமும் சரிந்துவிடும். திறந்து பார்த்தால் நடுவில் ஒன்றுமே இல்லை, பேஸ்ட் முழுக்க ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. சூடாகி ஆறும்போதெல்லாம் உலோகம் விரிந்து சுருங்குவதால் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படுகிறது. இப்போது பேஸ்ட்டுக்குப் பதிலாக பிடிஎம்7950 என்ற தாளை ஒட்டியிருக்கிறேன். சாதாரணமாகத் தாள் போலவே இருக்கும், 45 டிகிரி வாக்கில் இளகிப் பரவும். பத்து மாதமாக வெப்பநிலை மாறவில்லை. லேப்டாப் என்றால் தயங்காமல் கூடுதலாகச் செலவு செய்யுங்கள்.

---

விலை கூடியது எல்லாம் எல்லாக் கூலருக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பேஸ்ட்டுக்குப் பதிலாகப் பயன்படும் திரவ உலோகத்தை அலுமினியத் தளமுள்ள கூலரில் தடவிவிட்டேன். அதிலுள்ள காலியம் என்ற உலோகம் அலுமினியத்தை அரிக்கும் என்று அப்போது தெரியாது. சில வாரம் கழித்துக் கழற்றியபோது தளம் சாம்பல் நிறத்தில் பொரிந்து, நகத்தால் கீறினால் உதிர்ந்தது. மின்சாரத்தையும் கடத்தும் பொருளாயிற்றே என்று, மதர்போர்டில் துளி எங்காவது சிந்தியிருக்கிறதா எனப் பயந்து பயந்து டார்ச் அடித்துத் தேடினேன். நல்லவேளை, போர்டு தப்பியது. அதே பிராசஸரில் இன்று இருப்பது புதுக் கூலரோடு வந்த சாதாரணப் பேஸ்ட்.