ரேடார் படத்தில் பனிப்பாறை ஒரு நாள் வெள்ளை, ஒரு நாள் கறுப்பு: அது அதேதான் என்று எப்படி உறுதி செய்வது?

அஸ்தம்பட்டிப் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் எடுக்கும் ரேடார் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன என்று தெரிந்த பிறகு இரண்டு மாதமாக அதிலேயே கிடக்கிறேன். பழகுவதற்காக முதலில் மேட்டூர் அணையை எடுத்தேன். தண்ணீர் கறுப்பாக, கரை தெளிவாக, அழகாக வந்தது. கறுப்புப் பிக்சல்களை எண்ணி நீர்ப்பரப்பைக் கணக்கிட்டேன், அதுவும் நம்பும்படி இருந்தது. அந்தத் தைரியத்தில் அண்டார்க்டிகாவிலிருந்து உடைந்து கடலில் மிதந்த ஏ23ஏ பனிப்பாறைக்குப் போனேன், அங்கே எல்லாம் குழம்பிவிட்டது. 2024 ஜனவரிப் படம் ஒன்றில் பாறையே மங்கிக் கறுத்து, சுற்றியுள்ள கடலை விட இருட்டாக இருக்கிறது. அதே ஆண்டு ஜூலைப் படத்தில் பளீரென்று வெள்ளை. அடுத்தடுத்த இரண்டு படங்களில் வடிவம் கூட ஒத்துப்போகவில்லை. பரப்பைக் கணக்கிட்டால் 15,000 சதுர கிலோமீட்டர் வருகிறது, ஆனால் செய்திகளில் படித்தது நான்காயிரம் போல. நான் வேறு ஏதாவது பாறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனா?

ஓமலூர் அலைவரிசை:
தம்பி, நீங்கள் பார்ப்பது சரியான பாறைதான். நிறத்தை வைத்துத் தேடுவதுதான் சிக்கல். ரேடார் படத்தில் வெள்ளை என்றால் பொருள் வெள்ளை என்று அர்த்தமில்லை, அனுப்பிய அலை நிறையத் திரும்பி வந்தது, அவ்வளவுதான். சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். குளிர்காலத்தில் பாறையின் மேல் கிடக்கும் பனி உலர்ந்திருப்பதால் அலை பல மீட்டர் உள்ளே இறங்கி, பனித்துகளிலும் உள்ளே இருக்கும் ஐஸ் அடுக்குகளிலும் பட்டுச் சிதறித் திரும்புகிறது, அதனால் பளீர். ஜனவரி அங்கே கோடை. மேற்பரப்பு கொஞ்சம் இளகினாலே போதும், பனித்துகள்களுக்கு நடுவே இருக்கும் ஈரம் அலையை விழுங்கிவிடும், பாறை கறுத்துவிடும். அதே நேரத்தில் காற்றடித்துக் கடல் அலைபாய்ந்தால் கடல் வெளுத்துவிடும். ஆடிக் காற்று அடிக்கிற நாளில் மேட்டூர்ப் படத்தை எடுத்துப் பாருங்கள், அந்தக் கறுப்புத் தண்ணீரும் சாம்பல் நிறமாகியிருக்கும்.

ஒரு வழி உண்டு. துருவப் பகுதிப் படங்களில் பெரும்பாலும் ஹெச்ஹெச் (கிடையாக அதிரும் அலையை அனுப்பி, கிடையாகவே பெறுவது), ஹெச்வி (கிடையாக அனுப்பி, செங்குத்தாகப் பெறுவது) என்று இரண்டு இருக்கும். காற்றடித்த கடல் ஹெச்ஹெச்சில் வெளுத்தாலும் ஹெச்வியில் பெரும்பாலும் இருட்டாகவே நிற்கும். உலர்ந்த பனிக்குள் பலமுறை சிதறி வரும் அலை ஹெச்வியிலும் தெரியும். குளிர்காலப் படங்களில் இது நன்றாகக் கைகொடுக்கும். கோடையில் ஈரமான பாறைக்கு ஓரங்களைத்தான் நம்ப வேண்டும்.

ஏற்காடு டீச்சர்:
நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. கண்ணு, உன் 15,000 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திரையில் பார்த்த வரைபடத்தை அப்படியே சேமித்துப் பிக்சல் எண்ணியிருக்கிறாய், இல்லையா? அந்த வரைபடம் மெர்கேட்டர் முறை. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அது எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கும். சேலம் 11 பாகை சொச்சம், அங்கே பரப்பு 4 விழுக்காடுதான் கூடும், அதனால்தான் மேட்டூர்க் கணக்கு உனக்குச் சரியாக வந்தது. உன் பாறை இருந்த 60 பாகைப் பக்கம் அது நான்கு மடங்காகிவிடும். உன் எண்ணை நான்கால் வகுத்துப் பார். அப்புறம் முறையாகச் செய்ய, தென்துருவத்தை மையமாக வைத்த லாம்பர்ட் சமபரப்பு வரைபடத்துக்கு மாற்றிவிட்டு எண்ணு.

பெயரையும் தெரிந்துகொள். அண்டார்க்டிகாவை நான்கு கால்வட்டமாகப் பிரித்து ஏ, பி, சி, டி என்று வைத்திருக்கிறார்கள், பாறை முதலில் எந்தக் கால்வட்டத்தில் காணப்பட்டதோ அந்த எழுத்து, பிறகு வரிசை எண். உடைந்தால் துண்டுகளுக்கு ஏ, பி என்று வால் சேரும். பெயர் வைப்பது அமெரிக்க தேசியப் பனி மையம். ஏ23 பிரிந்தது 1986-ல். ஏ23ஏ வெட்டல் கடலின் அடித்தரையில் தட்டி முப்பது ஆண்டுக்கு மேல் அசையாமல் கிடந்து, 2020 வாக்கில்தான் நகர ஆரம்பித்தது. 2017 ஜூலையில் பிரிந்த ஏ68 சுமார் 5,800 சதுர கிலோமீட்டர், நம் சேலம் மாவட்டத்தை விடப் பெரிது. இதைச் சொன்னால்தான் இங்கே பிள்ளைகளுக்கு அளவு உறைக்கும்.

இன்னொன்று. இங்கே ஏற்காட்டில் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் இரவில் சேலம் விளக்குகள் கொட்டிக் கிடப்பது தெரியும், மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கிற மரம் கூடத் தெரியாது. அண்டார்க்டிகாவில் மாதக்கணக்கில் இருட்டு, மற்ற நாளெல்லாம் மேகம். ரேடார் தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுபோவதால்தான் அந்த நாட்களிலும் பாறையை விடாமல் பிடித்திருக்க முடிகிறது.

துருவத்தேடி:
வடிவம் ஒத்துப்போகாததற்குக் காரணத்தை நான் சொல்கிறேன். 2024-ல் ஏ23ஏ தெற்கு ஓர்க்னி தீவுகளுக்கு வடக்கே பல மாதம் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தது. கடலடியில் இருக்கும் ஒரு மேட்டின் மேல் நீரோட்டம் பட்டு, மேட்டுக்கு நேர் மேலே தண்ணீர் தனியாகச் சுழலும். இதை டெய்லர் தூண் என்பார்கள். பாறை அதில் மாட்டிக்கொண்டது. நாளுக்குச் சுமார் 15 பாகை சுழற்சி. சென்டினல்-1 அதே பாதைக்குத் திரும்ப 12 நாள். பெருக்கிப் பாருங்கள், 180 பாகை. உங்கள் இரண்டாவது படத்தில் பாறை தலைகீழாக நிற்கிறது!

அதனால் படத்தைப் படத்தோடு அப்படியே பொருத்தாதீர்கள். சுழன்றாலும் மாறாததைப் பிடியுங்கள்: ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருக்கும் இரண்டு மூலைகளுக்கு இடையே உள்ள தூரம், பரப்பு, ஓரத்தில் இருக்கும் ஒரு வெட்டு. நாள் இடைவெளியையும் குறைத்துக்கொள்ளுங்கள். துருவத்துக்கு அருகே பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் 12 நாளைக்குள் வேறு பாதைப் படங்களும் கிடைக்கும். சென்டினல்-1 வரிசைச் செயற்கைக்கோள்களில் 2021 டிசம்பரில் 1பி பழுதான பிறகு, 1சி 2024 டிசம்பரில் போகும் வரை 1ஏ ஒன்றுதான் இருந்தது, ஆகவே உங்கள் காலத்தில் இடைவெளிகள் கண்டிப்பாக இருக்கும். அதை நிரப்ப ஸ்கேட்டரோமீட்டர் தரவு இருக்கிறது, அதுவும் திரும்பி வரும் அலையை அளக்கும் ஒரு வகை ரேடார்தான். படம் கிலோமீட்டர் கணக்கில் மொத்தையாக இருக்கும், ஆனால் கிட்டத்தட்ட தினமும் கிடைக்கும், பெரிய பாறைக்கு அது போதும். பிரிகாம் யங் பல்கலைக்கழகம் அப்படித்தான் நெடுங்காலப் பட்டியல் வைத்திருக்கிறது.

இதில் இறங்கியதற்கு உங்களைப் பாராட்டுகிறேன். ஏ68ஏ 2020 டிசம்பரில் தெற்கு ஜார்ஜியா தீவை நெருங்கியபோது, பென்குயின்கள் இரை தேடப் போகும் வழியை மறிக்குமோ என்று பலரும் தினமும் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். அது உடைந்து உருகி அந்தத் தீவைச் சுற்றி மூன்று மாதத்தில் கொட்டிய நன்னீர் 152 பில்லியன் டன் என்று பிறகு கணக்கிட்டார்கள். எங்கே எப்போது இருந்தது என்று தெரியாமல் அந்தக் கணக்கு வந்திருக்காது. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நாசா-இஸ்ரோ ரேடார் செயற்கைக்கோளான நிசாரையும் கவனியுங்கள், அதன் எல் பட்டை அலை சுமார் 24 சென்டிமீட்டர், உலர்ந்த பனிக்குள் இன்னும் ஆழமாக இறங்கும்.

அஸ்தம்பட்டிப் பையன்:
டீச்சர், சமபரப்புக்கு மாற்றி எண்ணினேன், நான்காயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. படத்தை 180 பாகை திருப்பியதும் மூலையில் இருந்த வெட்டு அப்படியே மேலே வந்து உட்கார்ந்தது, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஓமலூர் அண்ணா, ஜூலை ஹெச்வி படத்தை இன்று இரவு இறக்குகிறேன். ஓரம் எங்கே முடிகிறது, கடல்பனி எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பதில் சந்தேகம் வந்தால் இதே இழையில் படத்தோடு கேட்கிறேன்.