ஃபைனல் டிரைவ் சீல் நிற்கவே மாட்டேன் என்கிறது (பழைய டோசர், பாறை வேலை)

கேள்வி:
வணக்கம். எங்களிடம் 1970களில் வந்த பெரிய டோசர் ஒன்று ஓடுகிறது. செயின் தடத்தைச் சுழற்றும் பல்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட், கீழேயே இருக்கும் பழைய அமைப்பு; பின்னால் பாறையைக் கிழிக்கும் ஒற்றைப் பல் ரிப்பர். மண் தள்ளிக்கொண்டிருந்தவரை ஒரு தொந்தரவும் கிடையாது. கெட்டிப் பாறைக்கு மாற்றியதிலிருந்து இடது ஃபைனல் டிரைவில் (ஸ்ப்ராக்கெட்டைச் சுழற்றும் கடைசி கியர் பெட்டி) ஆயில் ஒழுகுகிறது. ஆயிலை அடைக்கும் சீல் செட்டை இரண்டு தடவை புதிதாகப் போட்டாச்சு, ஐம்பது மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இந்த முறை டிரெயின் பிளக் காந்தத்தில் மீன் செதில் மாதிரி ஒரு தகடு ஒட்டியிருந்தது. இஞ்சின் அருமையாக இருக்கிறது, வண்டியை ஓரங்கட்ட மனசு வரவில்லை. சீல் தரம்தான் கோளாறா?

பதில் 1:
சார், வண்டியை இன்றைக்கே நிறுத்துங்கள். காந்தத்தில் மை போல நைஸ் பொடி இருந்தால் சாதாரணத் தேய்மானம். செதில் என்றால் பேரிங்கோ பல்லோ உரிகிறது. அந்த சீல் இரண்டு உலோக வளையங்கள் முகத்தோடு முகம் உரசி நிற்பது. ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் ஹப் ஆடினால் எவ்வளவு நல்ல சீலும் நிற்காது.

பிளேடையும் ரிப்பரையும் ஊன்றி அந்தப் பக்கத்தைத் தூக்கி, மரக்கட்டை அடுக்கி அதன்மேல் பாரத்தை இறக்குங்கள். ஹைட்ராலிக்கை நம்பிக் கீழே போகாதீர்கள். செயினைத் தளர்த்தும்போது கிரீஸ் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது, முகத்தை அதற்கு நேரே வைக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தம் ஆளையே கிழித்துவிடும். பிறகு ஸ்ப்ராக்கெட்டுக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பாருங்கள். ஷூ, அதாவது செயினில் தரையை மிதிக்கும் தகடு, எத்தனை அங்குல அகலம்?

கேட்டவர்:
27 அங்குலம். மண் வேலைக்குப் போட்டது, மாற்றவில்லை.

பதில் 1:
அதுதான் அடிப்படைக் கோளாறு. அகல ஷூவின் ஓரம் பாறை முனையில் ஏறும்போது மொத்த எடையும் நெம்புகோல் மாதிரி செயினை முறுக்குகிறது. ஷூ வளையும், போல்ட் தளரும், அந்த அடி ஸ்ப்ராக்கெட் வழியாக ஃபைனல் டிரைவுக்குப் போய்ச் சேரும். பாறைக்கு, வண்டி புதையாத அளவுக்குக் குறுகிய ஷூ போதும். 1977-ல் கேட்டர்பில்லர் தன் டி10 டோசரில் ஸ்ப்ராக்கெட்டை மேலே தூக்கி வைத்ததே, தரை அடி ஃபைனல் டிரைவுக்கு ஏறக்கூடாது என்றுதான். உங்கள் வண்டியில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பதில் 2:
நான் ஆபரேட்டர். ரிப்பர் பல் பாறைக்குள் இருக்கும்போது வண்டியைத் திருப்பவே கூடாது அண்ணே. முதல் கியரில், முடிந்தவரை இறக்கத்தைப் பார்த்துக் கிழிக்கணும். செயின் நின்ற இடத்தில் சுழல ஆரம்பித்தால் உடனே பல்லைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்.

கேட்டவர்:
நெம்பினோம், ஸ்ப்ராக்கெட் கண்ணுக்குத் தெரிய ஆடியது. பிரித்தால் வெளிப்பக்க பேரிங்கின் கப்பில் (வெளி வளையம்) அரை வட்டத்துக்குச் செதில் பெயர்ந்திருக்கிறது. பல்சக்கரங்கள் பிழைத்தன. இரண்டு பேரிங்கும் சீலும் ஒன்றாக மாற்றுகிறோம், 24 அங்குல ஷூவும் சொல்லியாச்சு. உள்ளே தங்கிய செதிலைக் கழுவ டீசல் போதுமா?

பதில் 1:
போதும். இரண்டு தடவை கழுவி, ஓரம் மூலையெல்லாம் துணியால் துடைத்து எடுங்கள். புது ஆயில் ஊற்றி பத்து மணி நேரம் ஓட்டியதும் அதையும் இறக்கிவிடுங்கள். வலது பக்கத்தையும் நெம்பிப் பார்த்தீர்களா?

கேட்டவர்:
நாளைக்குக் காலையில் முதல் வேலை அதுதான்.