சிறிய பட்ஜெட் கால்பந்து கிளப் லீக் பட்டத்துக்கு ஆசைப்படலாமா?

தொடுகோடு:

போன வாரம் இறங்குமுகத்தில் இருக்கும் அணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கணக்குப்பிள்ளை அண்ணன் இப்படி எழுதியிருந்தார்: "காசில்லாத கிளப் முதல் பிரிவில் தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம். பட்டத்துக்கு ஆசைப்படுவது அதற்கு நல்லதில்லை." இதைத் தனியாகப் பேசியே ஆகவேண்டும்.

எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. கைசர்ஸ்லாட்டர்ன் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறிவந்த உடனே, 1998இல், பயெர்ன் மியூனிக்கை இரண்டு புள்ளியில் முந்தி ஜெர்மன் பட்டத்தை வாங்கியது. கத்தார் பணம் பாரிஸில் வந்திறங்கிய முதல் சீசனிலேயே, 2012இல், மோன்பெலியே பாரிஸை மூன்று புள்ளியில் தாண்டியது. 2016இல் லெஸ்டர் வாங்கிய இங்கிலாந்துப் பட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. 2021இல் பிரான்ஸில் லீல். 2025இல் மட்டும் இரண்டு: பெல்ஜியத்தில் யூனியன் சான்-ஜிலுவாஸ், 1935க்குப் பிறகு முதல் முறையாக, ஸ்வீடனில் மியெல்பி, ஆயிரம் பேர்கூட வசிக்காத ஒரு கடலோரக் கிராமத்தில் மைதானம் வைத்திருக்கும் கிளப்.

இத்தனையும் நடந்த பிறகு ஒரு ரசிகனைப் பார்த்து "உன் கிளப்புக்கு எதற்கு அந்த ஆசை" என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:

தம்பி, உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். 2011-12 முதல் 2024-25 வரை 14 சீசன். ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்குகளையும் சேர்த்தால் மொத்தம் 70 பட்டம். அதில் நீங்கள் சொன்ன வகைக் கிளப்புகள் மூன்றுதான்: மோன்பெலியே, லெஸ்டர், லீல். இதே காலத்தில் பட்டம் வாங்கிய அட்லெடிகோ, நாப்போலி, லெவர்கூசன் எல்லாம் பெரும் பணக்காரர்களுக்கு அடுத்த படியில் நிற்பவை; அவற்றை எளிய கிளப் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மீதி எங்கே போனது? ஜெர்மனியில் பயெர்ன் தொடர்ந்து 11 முறை. இத்தாலியில் யுவென்டஸ் தொடர்ந்து 9 முறை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டி ஏழு சீசனில் ஆறு.

ஒரு சீசனில் எது வேண்டுமானாலும் நடக்கும். பத்து சீசனைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் சம்பளப் பட்டியலும் புள்ளிப் பட்டியலும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நிற்கும். பொருளாதார ஆய்வாளர்கள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். வாங்கிய விலையைவிடச் சம்பளம் நம்பகமான அளவுகோல். நன்றாக ஆடுகிறவன் அதிகச் சம்பளம் கிடைக்கும் இடத்துக்கு இன்றோ நாளையோ போய்ச் சேர்ந்துவிடுவான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். லெஸ்டர் 81 புள்ளியில் சாம்பியன் ஆனது. 2023-24இல் ஜிரோனா ஸ்பெயினில் அதே 38 ஆட்டத்தில் அதே 81 புள்ளி எடுத்தது. கிடைத்தது மூன்றாம் இடம். ரியல் மாட்ரிட் 95, பார்சிலோனா 85. 2018-19இல் லிவர்பூல் 97 எடுத்தும் இரண்டாவதுதான் வந்தது. மோன்பெலியே 82, லெஸ்டர் 81, லீல் 83. சிறிய கிளப் உயிரைக் கொடுத்து ஆடினாலும் உச்சவரம்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெரியவர்கள் 90ஐத் தாண்டும் ஆண்டில் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆக, பட்டம் கிடைப்பதும் கிடைக்காததும் எதிராளியின் கையில் இருக்கிறது. அதை எப்படி ஒரு திட்டமாக வைத்துக்கொள்வது?

பதினோராம் எண்:

எதிராளி தடுக்கி விழுவதும் ஆட்டத்தில் ஒரு பகுதிதானே சார்? 2015-16இல் செல்சி டிசம்பரில் பயிற்சியாளர் மொரீன்யோவை அனுப்பிவிட்டுப் பத்தாம் இடத்தில் முடித்தது. லிவர்பூல் அக்டோபரில் பயிற்சியாளரை மாற்றி எட்டாவதாக வந்தது. சிட்டி 66 புள்ளி. இப்படி ஓர் ஆண்டு எப்போதாவது வரும் என்று தெரியும், எப்போது என்று தெரியாது. வரும்போது 81 எடுக்கும் நிலையில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பத்தாம் இடம் போதும் என்று அணி கட்டுகிறவனுக்கு அந்த ஆண்டு வந்து போனதே தெரியாது.

லெஸ்டர் சும்மா நின்று வாங்கிக்கொண்டதாகவும் நினைக்கவேண்டாம். 2016 பிப்ரவரி 6, சிட்டியின் சொந்த எதிஹாட் மைதானம். மூன்றாம் நிமிடத்தில் லெஸ்டரின் மஹ்ரெஸ் ஃப்ரீகிக்கைத் தாழ்வாக அடிக்கிறார், ராபர்ட் ஹூத் கூட்டத்துக்குள் கால் நீட்டி உள்ளே தள்ளுகிறார். இடைவேளைக்குப் பிறகு மஹ்ரெஸ் தானே ஒன்று அடிக்கிறார். அறுபதாம் நிமிடம், ஃபுக்ஸ் கார்னர், மறுபடியும் ஹூத், இந்த முறை தலையால். பந்து பெரும்பாலும் சிட்டியின் காலில்தான் இருந்தது, முடிவு 3-1. அந்த மூன்று கோலில் இரண்டு நின்ற பந்திலிருந்து வந்தவை. ஃப்ரீகிக், கார்னர் இரண்டும் காசு அதிகம் கேட்காத இடங்கள். கோடிக்கணக்கில் கொடுத்து, பந்தை உருட்டியே எதிராளிகளைத் தாண்டும் ஒரு டிரிப்ளரை வாங்க முடியாதவன்கூட நின்ற பந்துக்கென்று ஒரு நல்ல செட்-பீஸ் பயிற்சியாளரை வைத்துக்கொள்ளலாம். டென்மார்க்கில் மிட்டிலாண்ட் இதை ஒரு கலையாகவே செய்து 2015இல் முதல் பட்டத்தை எடுத்தது.

அப்புறம் மார்ச், ஏப்ரலில் லெஸ்டர் தொடர்ந்து நான்கு ஆட்டத்தை 1-0 என்று முடித்தது: வாட்ஃபோர்ட், நியூகாசில், பேலஸ், சவுத்தாம்ப்டன். இதை அதிர்ஷ்டம் என்று என்னால் சொல்ல முடியாது.

மழைமைதானம்:

எல்லோரும் ஜெயித்த நாளைப் பற்றியே பேசுகிறீர்கள். பிறகு என்ன ஆனது என்றும் பாருங்கள். கைசர்ஸ்லாட்டர்ன் 2006இல் முதல் பிரிவிலிருந்து இறங்கியது, 2018இல் மூன்றாம் பிரிவு வரை போனது. 2000இல் ஸ்பெயின் சாம்பியனான டெபோர்டிவோ கடனில் மூழ்கி 2020இல் மூன்றாம் நிலைக்கு வந்தது. லெஸ்டர் 2023இல் இறங்கி, ஏறி, 2025இல் மறுபடி இறங்கியது. மோன்பெலியேவும் அதே 2025இல் இறங்கியது.

பட்டமே வாங்காமல் அழிந்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் 2001இல், ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி ஆடியது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அந்தப் பணம் வரும் என்று நம்பிக் கடன் வாங்கி வீரர்களைச் சேர்த்தார்கள். அந்த இடம் கைநழுவியது. 2004இல் இறக்கம், 2007இல் மூன்றாம் பிரிவு. நிர்வாகிகள் போய்விட்டார்கள். அங்கேயே பிறந்து அங்கேயே சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் மிச்சம். என் கவலையெல்லாம் அவர்களைப் பற்றித்தான். ஆசை யாருடையது, கடன் யார் தலையில் விழுகிறது?

தொடுகோடு:

மழைமைதானம், உங்கள் கவலை நியாயமானது. ஆனால் லீட்ஸை உதாரணமாக எடுத்தால் அது என் பக்கத்துக்குத்தான் வரும். அவர்கள் வராத வருமானத்தைச் செலவழித்தார்கள். பெரிய கிளப் போல வாழப்பார்த்தார்கள். லெஸ்டர் 2023இல் இறங்கியபோது அது சிறிய பட்ஜெட் கிளப்பே இல்லை, சம்பளம் மட்டும் ஆண்டுக்கு 200 மில்லியன் பவுண்டைத் தாண்டியிருந்தது. பட்டம் வாங்கிய ஆண்டில் அது சுமார் 80 மில்லியன். அப்போது மான்செஸ்டர் யுனைடெட் 230 மில்லியனுக்கு மேல். கையில் குறைவாக இருந்தபோது ஜெயித்தார்கள், அதிகமானபோது விழுந்தார்கள். 2014 ஜனவரியில் பிரான்ஸின் லெ ஆவ்ர் கிளப்பிலிருந்து அரை மில்லியன் பவுண்டுக்கும் குறைவாக மஹ்ரெஸை எடுத்த கண், கோல் வீரர் வார்டியைக் கீழ்நிலைக் கிளப்பான ஃப்ளீட்வுட்டில் கண்டுபிடித்த கண், பிறகு எங்கே போயிற்று? அங்கேதான் கோளாறு.

லீலைப் பாருங்கள். 2019இல் பெப்பேயை ஆர்சனலுக்கு விற்றார்கள், 2020இல் ஒசிமெனை நாப்போலிக்கு விற்றார்கள். இரண்டும் பெரிய தொகை. இரண்டு சிறந்த கோல் வீரர்களையும் இழந்துவிட்டு, அடுத்த மே மாதம் ஒரு புள்ளியில் பாரிஸை முந்திப் பட்டம். விற்பதும் ஆசைப்படுவதும் சேர்ந்தே போகலாம் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

கணக்குப்பிள்ளை:

லீல் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அந்த சீசனின் நடுவில், 2020 டிசம்பரில், கடன் கொடுத்தவர்கள் நெருக்க, முதலாளியே மாறினார். பட்டம் வாங்கிய கையோடு பயிற்சியாளர் கால்தியே கிளம்பினார், கோல்கீப்பர் மென்யான் மிலானுக்குப் போனார்.

லெஸ்டரும் நீங்கள் சொல்வதுபோல அவ்வளவு எளிமையானதில்லை. தாய்லாந்து முதலாளி, கிளப் தனக்குத் தரவேண்டிய கடனில் 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் பங்காக மாற்றிக்கொடுத்தார். மேலே ஏறிவந்த 2013-14 சீசனின் நஷ்டத்துக்காக 2018இல் லீக் நிர்வாகத்துக்கு 3.1 மில்லியன் பவுண்டு கட்டிச் சமரசம் செய்துகொண்டார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. "எளிய பட்ஜெட்" என்று நாம் கொண்டாடும் இடத்திலும் பின்னால் ஒரு பெரிய பை இருக்கிறது, அதையும் கணக்கில் எழுதவேண்டும்.

குறுக்குப்பாஸ்:

சந்தேகம் ஒன்று கேட்கலாமா? நார்வேயின் போடோ/கிளிம்ட் கிளப்பை ஏன் யாரும் சொல்லவில்லை? அவர்கள் ஒருமுறை மட்டும் ஜெயிக்கவில்லையே.

பதினோராம் எண்:

நல்ல கேள்வி. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, ஐம்பதாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊர். 2020இல் முதல் நார்வே பட்டம், 30 ஆட்டத்தில் 81 புள்ளி. 2021, 2023, 2024இலும் அவர்களே. 2025இல், ஐரோப்பியக் கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கில் அரையிறுதி. ஒரே பயிற்சியாளர், கியெட்டில் குனுட்சன். பெரும்பாலும் நார்வே வீரர்கள். போர் விமான ஓட்டியாக இருந்த ஒருவர் மனப்பயிற்சி கொடுக்கிறார்.

ஃபார்வர்டு விக்டர் போனிஃபேஸ் போன பாதையைப் பாருங்கள். இளைஞனாக போடோவுக்கு வந்தார், அங்கே இரண்டு பட்டம். 2022இல் யூனியன் சான்-ஜிலுவாஸ் வாங்கியது. ஒரே சீசன், 2023இல் பல மடங்கு விலைக்கு லெவர்கூசன். 2024இல் அங்கே ஜெர்மன் பட்டம். அவரை அடையாளம் கண்ட இரண்டு சிறிய கிளப்புகளும் விற்று லாபம் பார்த்தன. போடோ அவர் போன பிறகும் ஜெயித்தது, யூனியன் 2025இல் ஜெயித்தது. வீரன் போனாலும் வீரனைக் கண்டுபிடிக்கும் வழி கிளப்பிலேயே தங்கியிருந்தால் மறுபடி மறுபடி வரலாம்.

கணக்குப்பிள்ளை:

போடோ விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், ஆனால் காரணம் வேறு. நார்வே, ஸ்வீடன், பெல்ஜியத்தில் முதல் கிளப்புக்கும் எட்டாவது கிளப்புக்கும் உள்ள இடைவெளி தாண்டக்கூடியது. யூனியன் ஜெயித்த 2024-25 சீசனில் பெல்ஜியத்தில், மேலே முடித்த அணிகள் மறுபடி மோதும் பிளே-ஆஃபுக்கு முன் புள்ளிகளைப் பாதியாக்கும் விதி இருந்தது. மூன்றாவதாக முடித்த யூனியன் பிளே-ஆஃபில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் மேலே வந்தது. அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு அது தகும். ஆனால் 38 ஆட்டப் புள்ளியும் முழுதாக எண்ணப்படும் லீக்கில் அந்த வாசல் கிடையாது.

இன்று ஐரோப்பியப் போட்டிப் பணத்தால் போடோவே நார்வேயின் பணக்காரன். அடுத்த சிறிய கிளப் அவர்களைத்தான் தாண்டவேண்டும்.

அதனால் பேசவேண்டியது பங்கீட்டைப் பற்றி. இங்கிலாந்தில் 1983 வரை டிக்கெட் வசூலில் வந்தாடும் அணிக்கும் ஒரு பங்கு போனது, பிறகு எல்லாம் உள்ளூர் அணிக்கே. ஸ்பெயினில் 2015இல் சட்டம் வரும்வரை ஒவ்வொரு கிளப்பும் டிவி உரிமையைத் தனித்தனியாக விற்றது. மாட்ரிட்டும் பார்சிலோனாவும் அள்ளிக்கொண்டு போயின. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஏறிவந்த உடனே 1978இல் சாம்பியன் ஆனபோது பயிற்சியாளர் பிரையன் கிளஃப் எவ்வளவு பெரிய மேதையோ, அந்தக் காலத்துப் பங்கீடும் அவ்வளவு உதவியது. விதியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். விதி அப்படியே இருக்கும்போது கனவை மட்டும் வளர்க்காதீர்கள்.

குறுக்குப்பாஸ்:

விதி என்றதும் மிசோரம் கிளப் ஐஸால் ஞாபகம் வருகிறது. 2016இல் இந்தியாவின் ஐ-லீக்கிலிருந்து இறங்கினார்கள், கோவா கிளப்புகள் விலகியதால் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள், 2017இல் மோகன் பகானை ஒரு புள்ளியில் முந்தி சாம்பியன். பயிற்சியாளர் காலித் ஜமீலின் அணி. அதற்குள் நாட்டின் முதல் லீக் இடம் ஐ-லீக்கிடமிருந்து இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐஎஸ்எல்லுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஐஎஸ்எல்லில் அப்போது ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. சாம்பியனுக்கே மேலே போக வழியில்லை.

தொடுகோடு:

குறுக்குப்பாஸ் சொன்னது மனதைப் பிசைகிறது. திறமையால் எட்டிய இடத்துக்கு விதி கதவைச் சாத்துவதைவிடப் பெரிய அநியாயம் இந்த ஆட்டத்தில் இல்லை.

அண்ணே, பங்கீட்டை மாற்றவேண்டும் என்பதில் நாம் ஒரே கட்சி. ஆனால் அது மாறும்வரை காத்திருக்கச் சொல்வதை ஏற்கமாட்டேன். நீங்கள் சொன்ன 90 புள்ளிச் சுவரும் நிரந்தரமில்லை. 2024-25இல் லிவர்பூல் 84இல் சாம்பியன். லெஸ்டர் எடுத்ததைவிட மூன்றுதான் அதிகம்.

நேராகவே கேட்கிறேன். ஜனவரி மாதம். உங்கள் சிறிய கிளப் முதலிடத்தில், இரண்டு புள்ளி முன்னிலை. பெரிய கிளப் ஒன்று உங்கள் முக்கிய ஃபார்வர்டுக்கு இதுவரை காணாத விலை சொல்கிறது. விற்பீர்களா?

கணக்குப்பிள்ளை:

ஒப்பந்தம் ஒன்றரை வருடம் மீதி இருந்தால் விற்கமாட்டேன், கோடையிலும் விலை கிடைக்கும். மோன்பெலியே அப்படித்தான் தன் ஃபார்வர்டு ஜிரூவைப் பட்டம் வரை வைத்திருந்து பிறகு ஆர்சனலுக்குக் கொடுத்தது. ஆறு மாதம்தான் மீதி என்றால், பிறகு காசே கிடைக்காமல் போய்விடுவான், அன்றே விற்பேன். அந்தப் பணத்தில் அடுத்த மூன்று ஆண்டு எல்லோருக்கும் சம்பளம் போகும்.

மழைமைதானம்:

நானும் விற்பேன். வருத்தத்தோடுதான், ஆனாலும் விற்பேன்.

தொடுகோடு:

நான் விற்கமாட்டேன். ஆறு மாதம் இல்லை, ஆறு வாரம் மீதி இருந்தாலும். முதலிடத்தில் நிற்கும்போது அவனை அனுப்பிவிட்டால், அடுத்த ஆட்டத்துக்கு டிரெஸ்ஸிங் ரூமுக்குள் வரும் மீதி வீரர்களுக்கு, நாம் இதை நம்பவே இல்லை என்று நிர்வாகமே சொன்னதாகிவிடும்.