நாய், பூனைப் புற்றுக்கு ஒலி அலைச் சிகிச்சை: குரும்பாபேட்டுக்குக் கேட்போமா?

லாஸ்பேட்டைவாசி:
எங்கள் ராட்வீலருக்கு முன்னங்காலில் எலும்புப் புற்று. காலை எடுக்க வேண்டும், அப்புறம் கீமோ என்கிறார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் கால்நடைக் கல்லூரியில், ஒலி அலைகளை வெளியிலிருந்து குவித்துக் கட்டியை அழிக்கும் முறையை நாய்களுக்குச் செய்து பார்க்கிறார்கள். மனிதர்களின் கல்லீரல் கட்டிக்கு அங்கே 2023 அக்டோபரிலேயே அனுமதி கிடைத்துவிட்டது. நம் புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்த இயந்திரம் அங்கே வேண்டும் என்று அரசுக்கு மனு கொடுப்போம். யாரெல்லாம் கையெழுத்துப் போடுவீர்கள்?

தெருநாய்த்தோழி, கடலூர்:
நான் போட மாட்டேன் சார். உங்கள் வேதனை புரிகிறது, ஆனாலும் மாட்டேன். மஞ்சக்குப்பம், திருப்பாப்புலியூர் பக்கம் தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறேன். அங்கே நான் பார்க்கும் கட்டிகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, பெட்டை நாய்க்கு மடியில் வருவது. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்துவிட்டால் அது வருவதே அபூர்வம். இன்னொன்று, இணை சேரும்போது ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் கட்டி. பிறப்புறுப்பிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே இருக்கும். பார்க்கவே சகிக்காது. ஆனால் வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, சில வாரம் விடாமல் போட்டால் பெரும்பாலான நாய்கள் முழுசாகத் தேறிவிடும். நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கிற மருந்து அது. புற்று என்றதுமே கைகழுவிவிடுகிறார்கள், அதனால்தான் அவை சாகின்றன. கேட்பதென்றால் இதற்குக் கேளுங்கள்.

கெடிலக்கரை:
தோழி சொல்வதுதான் சரி. பூனை வளர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். பூனை மடியில் வரும் கட்டிகளில் 80 சதவீதத்துக்கும் மேல் புற்றுதான். பூனையின் வயிற்றுப் பக்கம் தடவும்போது பட்டாணி அளவு கட்டி தட்டுப்பட்டாலும் மருத்துவரிடம் ஓடுங்கள்.

லாஸ்பேட்டைவாசி:
அம்மா, கருத்தடையும் ஊசியும் வேண்டாம் என்று நான் சொன்னேனா? இரண்டையும் ஏன் மோத விடுகிறீர்கள்? எங்கள் நாய்க்கு வந்தது கருத்தடையால் தடுக்கக்கூடிய நோய் இல்லை. காலை மட்டும் எடுத்தால் சராசரியாக நாலைந்து மாதம், கீமோவும் கொடுத்தால் பத்து, பன்னிரண்டு மாதம். பல வருடமாக இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. வளரும் பிள்ளைகளுக்கு வரும் எலும்புப் புற்றும் நாய்களுக்கு வருவதும் பெரிதும் ஒத்தவை. நாயிடம் கற்பது பிள்ளைகளுக்கும் உதவும். ஆராய்ச்சி எப்போதும் வேறு நாட்டில்தான் நடக்க வேண்டுமா?

ஸ்கேன்கூடத்தான், புதுச்சேரி:
அல்ட்ராசவுண்டில்தான் என் வேலை. அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். குவித்த அலையில் இரண்டு வழி உண்டு. ஒன்று சூடு: அலைகள் சேரும் புள்ளியில் 60 டிகிரிக்கு மேல் ஏறி, திசு வெந்துபோகும். மற்றது ஹிஸ்டோட்ரிப்சி: மிகக் குறுகிய, மிக வலுவான துடிப்புகளால் திசுவுக்குள் நுண்குமிழிகள் உண்டாகி உடைந்து, செல்களைக் கூழாக்கிவிடும். சூடு கிடையாது. வர்ஜீனியாவில் நாய்களுக்குச் செய்வது இதுதான்.

ஆனால் இந்த அலைக்குக் காற்று ஆகாது. ஸ்கேன் செய்யும்போது ஜெல் தடவுவதும், நாய்க்கு முடியை மழிப்பதும் அதனால்தான். நுரையீரல் முழுக்கக் காற்று, அங்கே இது எளிதில் எட்டாது. நாயின் எலும்புப் புற்று முக்கியமாகப் பரவுவதோ நுரையீரலுக்கு. கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலான நாய்களில் கண்ணுக்குத் தெரியாத அளவில் பரவியிருக்கும். ஆக, கீமோ எப்படியும் வேண்டும். இன்னொன்று, புற்று அரித்த எலும்பு, செல்கள் செத்த பிறகும் பலவீனமாகவே இருக்கும், நடக்கும்போது முறியலாம். வர்ஜீனியாவில் எலும்புப் புற்று நாய்களுக்கு முதலில் செய்த சோதனைகளில், கட்டியின் ஒரு பகுதிக்கு அலையைக் கொடுத்துவிட்டு, பிறகு காலை எடுத்து, உள்ளே என்ன ஆனது என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கால் தப்பியது என்று அதற்கு அர்த்தம் இல்லை. உங்கள் நாய்க்காக இதை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள் சார். அந்த வலி கொடுமையானது. மூன்று காலில் நாய்கள் நன்றாகவே ஓடும்.

லாஸ்பேட்டைவாசி:
காலை எடுத்துப் பார்த்தார்கள் என்பதை யாரும் இதுவரை எனக்குச் சொல்லவில்லை. நன்றி தம்பி. அறுவைக்கு நாள் கேட்கிறேன். ஆனால் மனுவை விட மாட்டேன். தோலுக்கடியில், தசையில் வரும் சார்கோமா கட்டிகளுக்கு நீங்கள் சொன்ன இரண்டு தடையும் கிடையாதே?

ஸ்கேன்கூடத்தான், புதுச்சேரி:
கிடையாது. அலை எட்டும் இடம்தான். அங்கேயும் சோதித்திருக்கிறார்கள். நம்பிக்கை வைக்கலாம் என்றால் முதலில் அங்கேதான்.

தெருநாய்த்தோழி, கடலூர்:
அப்படியானால் மனுவில் முதலில் வின்கிரிஸ்டினும் கருத்தடையும் வரட்டும், கடலூர் நாய்களையும் சேர்த்துக்கொள்ளட்டும். இயந்திரம் கடைசியில். அப்போது கையெழுத்துப் போடுகிறேன்.

லாஸ்பேட்டைவாசி:
முதலில் அவை வரட்டும், சம்மதம். கடலூர் வேறு அரசு, அதற்குத் தனி மனு எழுத வேண்டும். அதையும் எழுதித் தருகிறேன். ஆனால் இயந்திரத்தைக் கடைசிக்குத் தள்ள மாட்டேன், இரண்டாவது கோரிக்கையாகவே இருக்கும்.

தெருநாய்த்தோழி, கடலூர்:
வரைவை இங்கே போடுங்கள். படித்துவிட்டுச் சொல்கிறேன்.