புதுப்பிப்பு: ஜெட் படகின் இம்பெல்லரில் சிக்கிய கயிறு வெளியே வந்துவிட்டது

இழுவைக் கயிறு உறிஞ்சப்பட்டு, தண்ணீரை இழுத்துப் பின்னால் தள்ளும் சுழல் விசிறியான இம்பெல்லர் நின்றுபோனதாக முன்பு எழுதியிருந்தேனே, அது ஒருவழியாக முடிந்தது. படகைக் கரையேற்றி, சாவியை எடுத்து, பேட்டரி இணைப்பையும் துண்டித்த பிறகே கை வைத்தோம். ஒருவர் கயிற்றை இழுக்க, இன்னொருவர் இம்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட்டைக் கையால் எதிர்த்திசையில் சுற்ற, மேல் சுற்றுகள் சுலபமாக அவிழ்ந்தன. அடியில் இருந்ததுதான் வம்பு: உராய்வுச் சூட்டில் உருகி ஷாஃப்ட்டோடு கெட்டியாக ஒட்டிக்கிடந்தது. அடிப்பக்கக் கம்பித் தடுப்பைக் கழற்றி, கொக்கிக் கத்தியால் இழை இழையாக அறுத்தோம். எஞ்சினை ஓட்டினால் தானே துப்பிவிடும் என்றார் ஒருவர். கேட்டிருந்தால் இன்னும் இறுகியிருக்கும்.

இம்பெல்லர் இதழ்கள் நன்றாக இருக்கின்றன. இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் தேய்மான வளையத்தில் (wear ring) லேசான கீறல், பரவாயில்லை. ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் சீலைத்தான் நம்ப முடியவில்லை. ஓர் இழை புகுந்திருந்தாலும் தண்ணீர் கசியும். அதனால் படகை இறக்கியதும், கசியும் நீர் சேரும் அடிப்பகுதியான பில்ஜைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம்.