பின்கட்டு ரம்புத்தானுக்குப் பெட்ரோல் செயின்சாவா, பேட்டரிச் செயின்சாவா?

செராங்கூன்வாசி
எங்கள் வரிசை வீட்டின் பின்கட்டில் நிற்கும் ரம்புத்தான் மரத்தின் இரண்டு கிளைகள் அடுத்த வீட்டுக் கூரையைத் தொட்டுவிட்டன. ஆண்டுக்கு இரண்டு முறை கிளை கழிப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. கடைக்காரரோ 18 அங்குலத் தகடுள்ள (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட பகுதிதான் தகடு) பெட்ரோல் செயின்சாதான் நல்லது என்கிறார். அனுபவமுள்ளவர்களின் கருத்து தேவை.

தோட்டக்காரன்
கடைக்காரர் சொன்னது சரிதான். மலேசியாவின் குளுவாங்கில் உள்ள எங்கள் குடும்பத் தோட்டத்தில் பெட்ரோல் செயின்சாவைத்தான் பயன்படுத்துகிறோம். பேட்டரிச் செயின்சா கிளையின் பாதியில் நின்றுவிட்டால், முறிந்தும் முறியாமலும் தொங்கும் அந்தக் கிளையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

பிடோக் மாமா
தோட்டத்தில் வாரந்தோறும் ஓடும் செயின்சாவையும் ஆறு மாதம் அலமாரியில் தூங்கப்போகும் செயின்சாவையும் ஒரே தராசில் வைப்பது முறையன்று. 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு இருவீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சின் எண்ணெய் கலந்து ஊற்றி, மிச்சத்தை அப்படியே விட்டுவைத்தால் அது கெட்டுப் பிசினாகி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். என் முதல் செயின்சா அப்படித்தான் போனது. எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்வலி வந்ததுதான் மிச்சம். 36 வோல்ட் பேட்டரிச் செயின்சா நான்கைந்து கிளைகளுக்குத் தாராளமாகப் போதும், உபரி பேட்டரி ஒன்று இருந்தால் அந்தக் கவலையும் இல்லை. பெட்ரோல் செயின்சாவின் இரைச்சல் 100 டெசிபெலைத் தாண்டும் என்பதையும், நம் வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு சுவர்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை அந்த 18 அங்குலம். ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளமுள்ள தகட்டால் 15 சென்டிமீட்டர் கிளையை அறுக்கும்போது, நுனி மறுபுறம் நீட்டிக்கொண்டு நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கிளையில் உரசக்கூடும். தகட்டு நுனியின் மேற்பாதி எதிலாவது பட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் செயின்சா முகத்தை நோக்கித் துள்ளும்.

தோட்டக்காரன்
அதற்குத்தானே சங்கிலித் தடை இருக்கிறது, ஐயா?

பிடோக் மாமா
இருக்கிறது, ஆனால் அது துள்ளலைத் தடுப்பதில்லை, துள்ளிய பிறகுதான் சங்கிலியை நிறுத்துகிறது.

தோட்டக்காரன்
நீளத்தைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், பெட்ரோலைப் பற்றிச் சொன்னதை இல்லை. முற்றிய மரத்தில் பெட்ரோலின் இழுவை தனிதான். எதை வாங்கினாலும், சங்கிலிப் பற்களைத் தீட்டும் 4 மில்லிமீட்டர் உருளை அரம் அந்தச் சங்கிலிக்குப் பொருந்துமா என்று கேட்டுச் சேர்த்து வாங்குங்கள். அறுக்கும்போது விழுவது சீவலாக இருந்தால் சங்கிலி கூராக இருக்கிறது. மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது. மழுங்கிய சங்கிலியை அழுத்தி அழுத்தி ஓட்டுகிறவர்கள்தான் பேட்டரியைப் பழிக்கிறார்கள் என்பதையும், என் கட்சிக்கு எதிராகவே, சொல்லிவிடுகிறேன்.

சாங்கிக்காரி
மரப் பாதுகாப்பு வட்டாரத்தில் வசிக்கிறவள் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். சிங்கப்பூரில் சாங்கியிலும் மத்தியப் பகுதியிலும் உள்ள அந்த வட்டாரங்களில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்து சுற்றளவு ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும் மரத்தைத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி வெட்டக்கூடாது. ஒரு மீட்டர் சுற்றளவு என்றால் விட்டம் 32 சென்டிமீட்டர்தான். ஆகவே எங்களைப் போன்றவர்கள் அனுமதி கேட்காமல் கைவைக்கக்கூடிய மரத்துக்கு 14 அங்குலத் தகடே எட்டும். தோளுக்கு மேலே உள்ள கிளைக்கு, ஏணியில் நின்று எந்தச் செயின்சாவையும் இயக்காதீர்கள். பயிற்சி பெற்ற மரப் பராமரிப்பாளரை அழையுங்கள்.

செராங்கூன்வாசி
தையல் நாடாவைச் சுற்றி அளந்தேன்: அடிமரம் 78 சென்டிமீட்டர், அதாவது விட்டம் ஏறத்தாழ 25. கூரையைத் தொடும் கிளைகளுக்கு ஆள் வைக்கிறேன். அவர்கள் கீழே போடுவதைத் துண்டாக்கவும் இடுப்பளவில் உள்ள கிளைகளைக் கழிக்கவும் 12 அங்குலப் பேட்டரிச் செயின்சா வாங்குகிறேன், அரத்தோடு.